பிரிக்பீல்ட்ஸ் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊரா?
"ரப்பர் தோட்டத் தமிழர்களை ஒதுக்கிவைக்க வெள்ளைக்காரன் கட்டியதே கோலாலம்பூர் லிட்டில் இந்தியாவான பிரிக்பீல்ட்ஸ்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. தோட்டத் தொழிலாளர்களைத் தோட்டத்துக்குள்ளேயே லயங்களில் (வரிசை வீடுகளில்) குடிவைத்தார்கள். ஒதுக்கல் நடந்தது அங்கேதான். அந்த வேதனையை இடம் மாற்றிச் சொல்லக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் (பனை ஓலை) கூரை வீடுகளை அழித்தபின், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார்கள், சூளைகள் பெருகின. 1886இல் கிள்ளானை நோக்கி ரயில் பாதை திறந்தது. பின்னர் இங்கே ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. ஊழியர்களில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். 1904இல் உருவான விவேகானந்தா ஆசிரமம் அவர்கள் முயற்சி. சிங்களவரின் பௌத்த மகா விகாரையோ 1894லேயே தொடங்கியது. லிட்டில் இந்தியா என்ற அதிகாரபூர்வப் பெயர் 2010 அக்டோபரில்தான் வந்தது.