இடுப்புப் பிடிப்புக்கு ஸ்கேன், மரத்துப்போன காலுக்குத் தைலம்

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடும்போதோ இடுப்பு 'சடக்'கென்று பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் நாளே எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று ஒரு வரி, அதாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கியிருக்கிறதாம். அன்றிலிருந்து அந்த மனிதர் டிஸ்க் நோயாளி. குனிய மாட்டார், பேரப்பிள்ளையைத் தூக்க மாட்டார், பெல்ட்டைக் கழற்ற மாட்டார். இன்னொருவருக்கு ஒரு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, நடுமுதுகில் ஒரே இடத்தில் வலி. அவர் சுளுக்கு எடுக்கப் போய்க்கொண்டிருக்கிறார். முதுகு வலி விஷயத்தில் நாம் பயப்படுகிற இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறு.

முதலில் அந்த ரிப்போர்ட். 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில், 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. 2015இல் இதேபோல வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம். தலைமுடி நரைப்பதை யாரும் வியாதி என்று எழுதித் தருவதில்லை. 'தேய்மானம்' என்ற சொல்லை மட்டும் ஃபைலில் வைத்து ஆயுள் முழுக்கச் சுமக்கிறோம்.

டிஸ்க் 'விலகுகிறது' என்பதும் சரியில்லை. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வழவழப்பான கூழ், சுற்றிலும் கெட்டியான நார் வளையம், மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிடித்திருக்கும். அது இடம் மாறி உட்காருவதில்லை. நார் வளையம் பலவீனமானால் பிதுங்கும், கிழிந்தால் கூழ் வெளியே வரும். வந்த கூழ் பக்கத்து நரம்பை அழுத்துவதோடு அதைப் புண்ணாக்கவும் செய்யும். ஏறி மிதித்தோ இழுத்துவிட்டோ அதை உள்ளே தள்ள முடியாது. ஆனால் உடம்பே அந்தக் கூழை மெல்ல மெல்லக் கரைக்கும். பெரிதாக வெளியே வந்த துண்டுகள்தான் அதிகமாகக் கரைகின்றன என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இடுப்பு வலி என்று வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஆபத்தான காரணம் எதுவும் இருக்காது. தசை, தசைநார், சிறு மூட்டு என்று ஏதோ ஒன்று. இன்னதுதான் என்று ஸ்கேனாலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் அடங்கிவிடும். படுக்கை ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். 1995இல் பின்லாந்தில் செய்த ஆய்வில், படுத்திருந்தவர்களையும் தனியாக உடற்பயிற்சி செய்தவர்களையும்விட, வலி விடுகிற அளவுக்கு அன்றாட வேலையைச் செய்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கு நடுவில். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோகும், கவனம். வெறும் தரையில் படுத்தால் சரியாகும் என்பதும் நம்பிக்கைதான். 2003இல் ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்தபோது, கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே உதவியது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வில், திடீர் இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் வெற்று மாத்திரையைவிடச் சீக்கிரம் குணம் தரவில்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை கேட்கும். சாப்பிட்ட பிறகு, சில நாளைக்கு மட்டும், இரண்டில் ஒன்று மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. காய்ச்சலோடு முதுகு வலி வந்தால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இந்த மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கிளப்பிவிடும். மருந்துக் கடையில் பேர் தெரியாமல் தருகிற 'செட் மாத்திரை' இன்னும் மோசம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாகப் போகும், சர்க்கரை ஏறும், மாதக்கணக்கில் தின்றால் எலும்பு உளுத்துப்போகும். கடைசியில் அந்த முதுகெலும்பே நொறுங்கும்.

வலி புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே, பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால் நரம்பு மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதுவும் பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் குறையும். இங்கே கவனிக்க வேண்டியது வலியைவிட பலம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்தடி நடங்கள், பிறகு முன்னங்காலால். ஒவ்வொரு காலாலும் தனித்தனியாக எக்கி நில்லுங்கள். ஒரு பக்கம் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை, நடக்கையில் பாதம் தரையில் இடறுகிறது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வலி குறைந்து கால் மரத்துப்போவதைப் பலர் குணமாகிறது என்று நினைக்கிறார்கள். நரம்பு செத்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரம் ஒன்று உண்டு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில், முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்புக் கொத்துதான். டிஸ்க்கிலிருந்து வந்த பெரிய துண்டு ஒன்று அந்தக் கொத்தை நசுக்கினால் சிறுநீர் சிக்கும். முட்டு முட்டு என்று இருக்கும், வராது. அல்லது நிறைந்தது தெரியாமல் சொட்டும். சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகும். கழிப்பறையில் கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியவில்லை என்றால் அதுதான் அடையாளம். இரண்டு காலிலும் வலி, பலவீனம் சேரலாம். வயதானவர் என்றால் 'புராஸ்டேட்' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள், பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்வதே இல்லை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, எம்ஆர்ஐயும் தண்டுவட அறுவை சிகிச்சையும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அந்த ராத்திரியே போங்கள். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுக்க வேண்டும் என்பார்கள், அதற்கும் முன்னால் என்றால் இன்னும் நல்லது. தாமதித்தால் கால் தேறினாலும் சிறுநீர்ப்பை தேறாமல் போகலாம்.

மெதுவாக வருகிற ஆபத்துகளில் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது எலும்புக் காசநோய். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779இல் விவரித்த நோய், இன்னும் நம்மோடு இருக்கிறது. இருமல் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஓய்வெடுத்தாலும் ராத்திரியிலும் விடாத வலி, தட்டினால் ஒரே முள்ளெலும்பில் சுள்ளென்பது, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை. எலும்பு கணிசமாக அரிக்கப்படும்வரை எக்ஸ்ரே சுத்தமாகவே தெரியும் என்பதால் 'எக்ஸ்ரே நார்மல்' என்று நிம்மதியடைய வேண்டாம். இப்படிப்பட்டவருக்குத்தான் எம்ஆர்ஐ முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காசநோய் மருந்து இலவசம். முன்பு மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும் இதே அவசரம்தான்.

நாற்பத்தைந்து வயதுக்குள், மூன்று மாதத்துக்கு மேல் வலி, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு, பின்னிரவில் வலி எழுப்பிவிடுவது, நடமாடினால் குறைவது: இது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம், ருமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டரிடம் போக வேண்டியது. மாதவிடாய் நின்று எலும்பு உளுத்த பெண்ணுக்கு ஒரு தும்மலிலேயே முதுகெலும்பு நசுங்கலாம். விலாவுக்குக் கீழிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, ஒரு நிலையில் இருக்கவிடாமல் புரட்டியெடுத்தால் அநேகமாகச் சிறுநீரகக் கல். அதோடு குளிர்க் காய்ச்சல் வந்தால் உடனே ஓடுங்கள். மேல்முதுகில் திடீரென்று வலி, வேர்வை, மூச்சுத்திணறல் என்றால் 'வாயு' என்று பூண்டு தேடாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம், ஈசிஜி எடுங்கள்.

இதில் எதுவும் இல்லை, ஆனால் ஆறு வாரம் தாண்டியும் வலி நிற்கவில்லை என்றாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். படுக்க வைத்துக் காலை நீட்டித் தூக்கிப் பார்க்காமல், கட்டைவிரலை அழுத்திப் பார்க்காமல், சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் எம்ஆர்ஐக்குச் சீட்டு எழுதினால், சீட்டை வாங்கும்முன் ஒன்று கேளுங்கள்: "டாக்டர், இந்த ஸ்கேன்ல என்ன வந்தா என் வைத்தியம் மாறும்?"