அந்த நிழலை ஏன் அழித்தீர்கள்?

சோழிங்கநல்லூரில் ஒரு அலுவலகக் கட்டடம். பூசாத கான்கிரீட், உள்ளே தள்ளிவைத்த கண்ணாடி, மேலே ஆழமான சன்ஷேடு. ஏப்ரல் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது அந்த சன்ஷேடின் நிழல் நேராகக் கீழே இறங்கிக் கண்ணாடி முழுவதையும் மூடிவிடும். நம் ஊர் வெயிலில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வேகக்கூடாது என்று ஒரு ஆர்க்கிடெக்ட் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த நிழல் அது. கட்டடத்தை விற்கும் கம்பெனியின் பிரோஷருக்காக அதைப் படமெடுக்கத்தான் மொட்டை வெயிலில் டிரைபாடோடு நின்றேன்.

ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில், இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து ஷாட். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அதனால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் 256 மடங்கு வித்தியாசம். அத்தனையையும் ஒரே படத்துக்குள் அடக்க வேண்டும். பக்கத்தில் வேப்பமரம் வேறு, காற்றில் ஐந்து ஷாட்டிலும் இலை ஐந்து இடத்தில் இருந்தது, அந்த இடத்தை மட்டும் கையால் மாஸ்க் போட்டுப் பிரித்துச் சரிசெய்யவே ஒரு ராத்திரி போனது. நிழலுக்குள் கண்ணாடி தெரியும், ஆனால் நிழல் நிழலாகவே இருக்கும். அப்படித்தான் முடித்துக் கொடுத்தேன்.

“இருட்டா இருக்கே சார்” என்றார்கள் கம்பெனிக்காரர்கள். சரி, பேசிப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார்கள். அந்த ஆள் எடிட்டிங்கில் நிழலை வெளுக்கும் ஷேடோ ஸ்லைடரை ஒரு கோடிக்கு இழுத்து, வெளிச்சப் பகுதியை அடக்கும் ஹைலைட்டை மறுகோடிக்குத் தள்ளி, விளிம்புகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை நூறில் வைத்திருக்கிறார். இப்படி வெளிச்ச வித்தியாசத்தை ஒரே படத்துக்குள் அடக்கும் டோன் மேப்பிங் ஒவ்வொரு இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், வானமும் சுவரும் சேரும் விளிம்பில் அளவு மீறினால் வெள்ளையாகக் கசியும். இப்போது கட்டடத்தைச் சுற்றி சாமி படத்தில் இருப்பதுபோல ஒளிவட்டம்! கான்கிரீட் புகை பிடித்த அடுப்படிச் சுவர் மாதிரி. வானம் ஊதா. நிழல் போனதும் சன்ஷேடு காகிதத்தை ஒட்டியதுபோலத் தட்டையாகிவிட்டது.

அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே அழகு அந்த ஆழம்தான், அதைத் துடைத்துவிட்டு எதை விற்கப் போகிறீர்கள்? 2000இல் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்த பிறகு ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிச் சுவர் எவ்வளவோ எழும்பிவிட்டது, வெயிலை யோசித்துக் கட்டியதைப் பார்ப்பதே அபூர்வம். அப்படி ஒன்றையும் கண்ணைக் கூசவைக்கும் காலண்டர் படம் ஆக்கினால் வயிறு எரியாதா?

இதில் பிரோஷரில் அந்தப் படத்துக்குக் கீழே என் பெயர். எடுங்கள் என்று இரண்டு முறை மெயில் போட்டுவிட்டேன், பதில் இல்லை. அடுத்த பிளாக்கை எடுக்க மட்டும் போன் வருகிறது. முதலில் என் பெயரை எடுக்கட்டும், நிழலைத் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் டிரைபாடைத் தூக்குகிறேன்.