எம்எல்ஏவுக்கு மார்க் போடுவதற்கு முன்னால்

நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த மதிப்பெண் அட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த அட்டை என்று உங்களுக்கே தெரியும். எம்எல்ஏக்களின் படத்தைப் போட்டு, பத்துக்கு எத்தனை மார்க் என்று கலர் கலராக வந்ததே, அதுதான். சாலை, குடிநீர், தெருவிளக்கு, பேருந்து நிழற்குடை, தொகுதிக்குள் தலைகாட்டுவது, போன் போட்டால் எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சட்டமன்றத்துக்குள் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. எந்த மசோதாவில் பேசினார், எதற்குத் திருத்தம் கொடுத்தார், எதை எதிர்த்தார், எது நிறைவேறும்போது வாய்மூடி உட்கார்ந்திருந்தார், எதுவும் இல்லை.

இதைத்தான் அந்த அட்டைப் பதிவின் கீழே போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "மசோதா வந்தா எங்க தெருவுல சாக்கடை ஓடுமா?" என்று ஒருவர். "படிச்ச திமிர்" என்று இன்னொருவர். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் இரண்டு பேர் எனக்கு நெடுநாள் நண்பர்கள். வலித்தது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

சரி, வலியை விடுவோம். கேள்விக்கு வருவோம். 234 பேரை ஐந்து வருடத்துக்குக் கோட்டைக்கு அனுப்புகிறோம். அவர்கள் அங்கே போய்ச் செய்ய வேண்டிய முதல் வேலை சட்டம் இயற்றுவது. அந்த வேலைக்கு மார்க்கே இல்லாத அட்டைக்கு எம்எல்ஏ தரவரிசை என்று பெயர் வைக்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. எத்தனை பேர் சிரித்தாலும் சரியாகப் படப்போவதில்லை.

இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 21 நினைவிருக்கிறதா? தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டு வந்த திருத்தம் அன்றைக்குத்தான் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு வழி திறந்துவிட்ட மசோதா. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு சொன்னது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. அப்படியும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது.

என் சித்தப்பா மகன் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் போகும்போதே கூப்பிட்டான். "அண்ணே, நாலு நாள் வேலை, மூணு நாள் லீவுன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல யாருண்ணே மூணு நாள் லீவு குடுப்பா?" என்றான். அப்புறம், "நம்ம எம்எல்ஏ இதுக்கு என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. செய்தித்தாளில் தலைவர்கள் பேசியது இருந்தது. அமைச்சர் சொன்ன விளக்கம் இருந்தது. எங்கள் தொகுதிக்காரர் அவையில் இருந்தாரா என்றுகூட இல்லை.

எம்எல்ஏ அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்தவர் தங்கமான மனிதர். அதைச் சொல்லியே ஆக வேண்டும். "சொல்லுங்க சார், முதியோர் பென்ஷனா?" என்றார். இல்லை என்றேன். "பட்டா மாறுதலா?" அதுவும் இல்லை. "ஸ்கூல் அட்மிஷனா சார்?" நான் மசோதா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதெல்லாம் கட்சி முடிவு சார். உங்க தெருவுல ஏதாவது பிரச்சினைன்னா சொல்லுங்க, உடனே பார்த்துடலாம்" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அந்த அலுவலகத்துக்கு அப்படி ஒரு கேள்வி போனதே இல்லை போலிருக்கிறது. நாம் கேட்டால்தானே அவர்கள் பதில் வைத்திருப்பார்கள்?

அந்த மசோதா பிறகு என்ன ஆனது? தொழிற்சங்கங்கள் கொதித்தன. அன்று ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமே எதிர்த்தது. ஏப்ரல் 24ஆம் தேதி நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் நிறைவேறிய அன்று கேள்வி கேட்காமல் ஆதரித்த ஒவ்வொருவருக்கும் அவரவர் தொகுதியில் என்ன விலை? ஒன்றுமில்லை. யாரும் குறித்து வைக்கவில்லை. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் சொல்கிறார், ஒரு சத்தம் எழுகிறது, நிறைவேறியது என்கிறார். அந்தச் சத்தத்தில் உங்கள் எம்எல்ஏவின் குரல் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கேட்டால்தான் பெயர் பதிவாகும். அதைக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

அதே நாளில் இன்னொன்றும் நிறைவேறியது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. நீர்நிலைகள் அடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பெரிய திட்டங்களுக்கு வழிசெய்யும் சட்டம் அது. விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு எழுந்த கூச்சலில் பாதிகூட இதற்கு எழவில்லை. ஏரியும் கண்மாயும் இருக்கும் தொகுதிக்காரர்கள் எத்தனை பேர் இன்றைக்கு இந்த அட்டையில் எட்டு மார்க், ஒன்பது மார்க் வாங்கியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் கிளம்பும், நீ அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்று. ஐயா, சட்டமன்ற விதிகளில் 110ஆம் விதியின் கீழ் அறிவிப்பு மேல் அறிவிப்பாக ஜெயலலிதா வாசித்த காலத்திலும் நான் இதையேதான் எழுதினேன். அந்த விதியில் ஓர் அறிக்கை வாசித்தால் அதன் மேல் விவாதம் கிடையாது. மேசையைத் தட்டுவதுதான் உறுப்பினரின் பங்கு. அன்றைக்கு நான் எழுதியதைப் பாராட்டியவர்கள் இன்றைக்குத் திட்டுகிறார்கள். அன்றைக்குத் திட்டியவர்கள் இன்றைக்குப் பாராட்டுவார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. "இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறினால் பதவியே போய்விடும், பாவம் எம்எல்ஏ என்ன செய்வார்?" உண்மைதான். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததிலிருந்து கட்சிக்கு எதிராக வாக்களிப்பது நெருப்பில் கை வைப்பதுதான். ஆனால் கொறடா உத்தரவு வாக்குக்குத்தான். பேச்சுக்கு அல்ல, கேள்விக்கு அல்ல, திருத்தம் கொடுப்பதற்கும் அல்ல. "இந்தப் பிரிவில் தொழிலாளியின் சம்மதத்தை யார் சரிபார்ப்பார்கள்?" என்று ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டால் எந்தச் சட்டமும் அவர் பதவியைப் பறிக்காது. அடுத்த முறை சீட்டு கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் வாய்மூடி இருந்தவருக்கும், பயத்தை மீறிக் கேட்டவருக்கும் ஒரே மார்க் போடுவது நியாயமா?

தனி உறுப்பினர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினரின் மசோதா, கொண்டுவருவது கஷ்டம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அரசு நிதியிலிருந்து செலவு வைக்கும் மசோதாவை அவையில் எடுத்துக்கொண்டு பரிசீலிக்கவே அரசியலமைப்பின் 207ஆம் பிரிவின்படி ஆளுநர் பரிந்துரை வேண்டும். அமைச்சர் அல்லாத ஒருவர் சட்டம் எழுதி நிறைவேற்றுவது ரொம்ப அரிது. நாடாளுமன்றத்திலேயே சுதந்திரத்துக்குப் பிறகு 14 தனி உறுப்பினர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஆனது 1970இல். அதனால்தான் வெறும் எண்ணிக்கையைப் போட்டு மார்க் கொடுக்கச் சொல்லவில்லை. எத்தனை மசோதா என்று எண்ணுவதை நானும் எதிர்க்கிறேன். அந்த மசோதா என்ன சொன்னது, எங்கே நின்றது, யார் நிறுத்தினார்கள், பிறகு என்ன ஆனது என்று பின்தொடரச் சொல்கிறேன்.

திருச்சி சிவாவை எடுத்துக்கொள்ளுங்கள். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கான அவருடைய மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. தனி உறுப்பினர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளில் அதுதான் முதல் தடவை. ஆனால் மக்களவையைத் தாண்டவில்லை. பிறகு ஒன்றிய அரசு தானே ஒரு மசோதா கொண்டு வந்து 2019இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை. வெறுமனே எண்ணினால் சிவாவுக்குப் பூஜ்யம். பின்தொடர்ந்து பார்த்தால்தான் அவர் கேட்டது என்ன, கிடைத்தது எவ்வளவு, பறிபோனது எது என்று தெரியும்.

அவர் எம்.பி., நம் பேச்சு எம்எல்ஏவைப் பற்றி என்பீர்கள். சரி, நம் சென்னைக்கே வருவோம். முத்துலட்சுமி ரெட்டி 1926இல் சென்னை மாகாண சட்டமேலவைக்குப் போனார். 1929இல் அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டு வந்த திருத்தம், கோயில் பணிக்காகத் தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்களை அந்தப் பணிக் கடமையிலிருந்து விடுவித்தது. அடுத்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டு வந்தார். காந்தி கைதானதைக் கண்டித்து அதே வருடம் பதவியைத் தூக்கி எறிந்தார். மசோதா நின்றுவிட்டது. அந்தச் சட்டம் நிறைவேறியது 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில். 1930இன் கடைசியில் யாராவது இந்த மாதிரி ஓர் அட்டை போட்டிருந்தால் முத்துலட்சுமி ரெட்டிக்கு என்ன மார்க் விழுந்திருக்கும்? தெருவிளக்குக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? எழுதும்போதே கை நடுங்குகிறது எனக்கு.

ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி. ராஜா சென்னை மாகாணத்தில் 1938இல் கொண்டு வந்த சமூகத் தடைகள் ஒழிப்பு மசோதா நிறைவேறியது. அதே வருடம் அவர் கொண்டு வந்த ஆலய நுழைவு மசோதா தோற்றது. ராஜாஜி அரசு கைகொடுக்கவில்லை. பிறகு 1947இல் மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. தோற்ற மசோதாவுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. அதைக் கொண்டு வந்தவருக்கும் அதைத் தோற்கடித்தவருக்கும் நாம் கணக்கு வைத்திருக்க வேண்டாமா?

"எங்க தெருவுல சாக்கடை ஓடுமா" என்று கேட்டவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டின் நகரங்களில் 2016 அக்டோபருக்குப் பிறகு 2022 பிப்ரவரி வரைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே கிடையாது. தேர்தலே நடக்கவில்லை. சாக்கடைக்கு எம்எல்ஏ வாசலில் போய் நிற்பதைத் தவிர உங்களுக்கு வழி வைக்கவில்லை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருடத்துக்கு ரூ.3 கோடி அவர் கையில் இருக்கிறது. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் எப்போது நடக்கும், வார்டை எப்படிப் பிரிப்பது, மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது எது? சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டங்களும் அவற்றின் திருத்தங்களும்தானே? உங்கள் சாக்கடைக்கு அத்தனை வருடம் கேட்க ஆளில்லாமல் போனதில் அந்த அவையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பங்கில்லையா? நான் உங்களுக்காகத்தான் பேசினேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

தகவல் எங்கே கிடைக்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். எம்.பி.க்களுக்கு, அவர்களின் அவைப் பணியைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ் இணையதளத்தில் வருகை, கேள்வி, விவாதம், தனி உறுப்பினர் மசோதா எல்லாம் பெயரைத் தட்டினால் வந்துவிடுகிறது. எங்கள் எம்எல்ஏ பேசியதைத் தேட அவை நடவடிக்கைக் கோப்புகளைத் திறந்து பெயரை அடித்தால் எனக்கு எதுவும் வரவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. கேள்வி நேரத்தை 2022இலிருந்து நேரலையில் காட்டுகிறார்கள், மகிழ்ச்சி. மசோதா மேல் நடக்கும் விவாதத்தையும் அப்படியே முழுசாகக் காட்டினால் என்ன? பக்கத்துக் கேரளத்தில் மசோதாக்கள் துறைவாரிக் குழுக்களுக்குப் போய், பிரிவு பிரிவாகப் பார்க்கப்பட்டு அவைக்குத் திரும்புகின்றன. இங்கே காலையில் கையில் கிடைக்கும் மசோதாவைச் சாயங்காலத்துக்குள் எந்த உறுப்பினர் படித்து முடிப்பார்? பல மாநிலங்களில் வருடத்துக்கு இருபது சொச்சம் நாள்தான் அவை கூடுகிறது. அந்தக் கொஞ்ச நாளிலும் நம்மவர் என்ன செய்தார் என்று நாம் பார்க்க மாட்டோமாம். நிழற்குடையில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்ப்போமாம்.

அட்டை போட்ட தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் உழைத்திருக்கிறீர்கள், தெரிகிறது. அடுத்த அட்டையில் சட்டமன்றத்துக்கென்று ஒரு பகுதி வையுங்கள். 234 பேருக்கும் வேண்டாம், உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் செய்யுங்கள். நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டும் வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன், நிஜமாகவே சொல்கிறேன். அதுவரைக்கும், 2023 ஏப்ரல் 21 அன்று உங்கள் தொகுதி எம்எல்ஏ அவையில் என்ன பேசினார் என்று தெரிந்தவர்கள் இங்கே கீழே எழுதுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பேசியதைப் பேசியபடியே போடுகிறேன். பேசவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.