செருப்பு அவன் காலில்தான் இருக்கிறது

அந்தப் பிரசங்க வீடியோவை இதுவரை ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். தன்னைக் கட்டிக்கொள்ள மறுத்த கொழுந்தனைச் செருப்பால் அடிக்கும் அதிகாரத்தை அந்தக் காலத்திலேயே விதவைக்குக் கொடுத்த வேதம் என்று போதகர் முழங்குகிறார், சபையே கைதட்டுகிறது. முன்வரிசைப் பெண்கள்தான் அதிகமாகத் தட்டுகிறார்கள்.

முதலில், அடிப்பதெல்லாம் கிடையாது. பைபிளில் உபாகமம் 25-இல் இருப்பது, பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியை அவன் சகோதரன் கட்ட வேண்டும், மாட்டேன் என்றால் பெரியவர்கள் முன்னால் அவள் அவன் செருப்பைக் கழற்றித் துப்ப வேண்டும் என்பது. யூதர்கள் இதை ஹலிட்ஸா என்பார்கள். முழுக்கத் தோலால் தைத்த, நீள வார் வைத்த ஒரு செருப்பை அவன் வலது காலில் போட்டுக்கொண்டு நிற்பான், அவள் குனிந்து வாரை அவிழ்த்துக் கழற்றி எறிவாள். வசனம் முகத்தில் என்றாலும், சடங்கில் துப்புவது அவனுக்கு முன்னால் தரையில்.

குனிவது யார் என்று கவனித்தீர்களா?

அது நடக்கிறவரை அவள் வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது. இதைத்தான் அந்தப் போதகர் சொல்லவில்லை. அவன் வந்து காலை நீட்டினால்தான் அவளுக்கு விடுதலை. அவன் கண்காணாத ஊரில் இருந்தால் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தால் அவனுக்கு 13 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும். காசு கொடு, வருகிறேன் என்று பேரம் பேசிய கொழுந்தன்மார் இருந்ததால்தான், சும்மாவே ஹலிட்ஸா கொடுப்போம் என்று மாப்பிள்ளையின் சகோதரர்களிடம் கல்யாணத்தின்போதே எழுதி வாங்கும் வழக்கம் ஐரோப்பிய யூதர்களிடம் வந்தது. அதிகாரம் அவள் கையில் இருந்திருந்தால் பத்திரம் எதற்கு?

"அந்தக் காலத்தில் அது பாதுகாப்பு, இன்றைய கண்ணாடியைப் போட்டுப் பார்க்காதே" என்பீர்கள். சரி, சோறும் கூரையும் கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆதியாகமத்தில் வரும் விதவை தாமாரும் அந்தக் காலம்தானே? கடைசி மகன் சேலா வளரட்டும், அவனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று மாமனார் யூதா அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பினான். சேலா வளர்ந்தான். யாரும் கூப்பிடவில்லை.

யூதர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். இதில் இருக்கும் வலியை நம் போதகரைவிட அவர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். 1869-இல் பிலடெல்பியாவில் கூடிய சீர்திருத்த ரபிகள் (யூத மதகுருக்கள்) இந்தச் சடங்கே தேவையில்லை என்றார்கள். இஸ்ரேலின் தலைமை ரபிகள் 1950-இல் கொழுந்தனைக் கட்டுவதையே தடுத்து, ஹலிட்ஸா மட்டும்தான் என்றார்கள். 1953-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: ரபி நீதிமன்றம் உத்தரவிட்டும் மூன்று மாதத்துக்குள் ஹலிட்ஸா கொடுக்காதவனைச் சிறையில் போடலாம். ஜெயிலைக் காட்டித்தான் ஒருவன் காலை நீட்ட வைக்க முடியும் என்றால், இது எந்த ஊர் பெண் அதிகாரம்?

"உனக்கேன் இவ்வளவு கோபம்?"

ஏனென்றால் எனக்கும் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் உயில் எழுதாமலே போய்விட்டார். மாமனார் முன்பே போய்விட்டார். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ விதவையான எனக்குப் பாதி, மீதிப் பாதி மாமியாருக்கும் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவர்களுக்கும். சட்டம் அது, சண்டை போடவில்லை. என் சம்பளத்திலும்தான் அந்த வீட்டுக்கடன் கட்டினோம் என்பதை எந்தக் காகிதமும் கேட்கவில்லை, விடுங்கள். வீட்டை விற்க என் கொழுந்தனின் கையெழுத்து வேண்டும். நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. "அடுத்த லீவுக்கு வர்றப்போ பார்ப்போம் மதினி" என்பார். நாலு லீவு வந்து போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பேரீச்சம்பழம் கொண்டு வருவார்.

சொத்துக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தயவுசெய்து கேட்காதீர்கள், இன்று பதில் சொல்லும் பொறுமை இல்லை.

அந்த வீடியோவை ஏழாவதாக அனுப்பியது அவர்தான். கீழே மூன்று கைகூப்பு, "அருமையான செய்தி மதினி, கண்டிப்பா கேளுங்க."