28 வயதில் விலகியது அவசரமா?
கரோலினா பாந்தர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் லூக் கீக்லி 28 வயதிலேயே ஆட்டத்திலிருந்து ஒதுங்கியது அவசர முடிவு என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2016 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் அணியுடன் ஆடும்போது தலையில் அடிபட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, மூச்சு வாங்க வாங்கச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அதைப் பார்த்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். 2015, 2017லும் இதே மூளையதிர்ச்சி. லைன்பேக்கர் என்ற தற்காப்பு ஆட்டக்காரரின் வேலையே ஓடிவருபவனை மோதிச் சாய்ப்பதுதான், பயந்துகொண்டே ஆட முடியுமா?

இத்தனைக்கும் உடம்பைவிட மூளையை நம்பியவர். பந்து நகரும் முன்பே எதிரணியின் திட்டத்தைக் கண்டுபிடித்துக் கைகாட்டிக் கத்துவார்! எட்டு சீசன், ஏழு முறை புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, 2013இல் சிறந்த தற்காப்பு வீரர் விருது. இன்னும் என்ன வேண்டும்? சூப்பர் பவுல் என்ற லீக் இறுதிப்போட்டியில் வெற்றி ஒன்றுதான் பாக்கி. 2016 பிப்ரவரியில் அந்தப் போட்டியில் அவருடைய அணி டென்வர் அணியிடம் 24-10 என்று தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.