ஃபாரின் கீயை நீக்குவது தீர்வல்ல
பைத்தானில் டேட்டாபேஸைக் கையாள உதவும் எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகத்தில், இரு டேபிள்களை இணைக்கும்போது (ஜாயின்) பிழை வருவதாக ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு, ஒரு டேபிளின் காலம் (நெடுவரிசை) இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டுவதற்கான ஃபாரின் கீயை நீக்கிவிடலாம் என்று நண்பர் ஒருவர் கூறியிருப்பது தவறான வழிகாட்டல். கேள்வி கேட்டவரின் காசிமேட்டுப் படகுப் பதிவேட்டில் புறப்பட்ட துறை, கரைசேர்ந்த துறை ஆகிய இரண்டு காலம்களும் துறைமுகம் என்ற ஒரே டேபிளைச் சுட்டுகின்றன. எந்த ஃபாரின் கீயைக் கொண்டு இணைப்பது என்று எஸ்கியூஎல்ஆல்கெமிக்குத் தெரியாததால்தான் 'ஆம்பிகுவஸ்ஃபாரின்கீஸ்எரர்' வருகிறது. இரண்டு கீகளையும் நீக்கினால், ரிலேஷன்ஷிப்புக்கு (இரு டேபிள்களின் தொடர்பைக் கோடில் சொல்லும் வரையறைக்கு) இணைக்க வழியே இல்லாமல் 'நோஃபாரின்கீஸ்எரர்' வரும். அதைவிட மோசம், இல்லாத துறைமுகத்தின் எண்ணும் பதிவேட்டில் தடையின்றி நுழைந்துவிடும். ஒவ்வொரு ரிலேஷன்ஷிப்பிலும் ஃபாரின்_கீஸ்=[புறப்பட்ட_துறை] என்பதுபோல் உரிய காலமைக் குறிப்பிடுங்கள். இரு துறைகளின் பெயரும் ஒரே வரியில் வேண்டுமெனில், துறைமுக டேபிளை, மாற்றுப்பெயர் தரும் 'ஏலியஸ்ட்' மூலம் இருமுறை, நிபந்தனையை வெளிப்படையாக எழுதி இணைக்க வேண்டும். எஸ்கியூலைட் டேட்டாபேஸைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ்=ஆன்' கொடுப்பதையும் தயவுசெய்து உறுதிசெய்துகொள்ளுங்கள்; பொதுவாக அதில் ஃபாரின் கீ சோதனை இயல்பிலேயே அணைந்திருக்கும்.