போர்ஷன் என்கிற ஒரே சொல்

போன வாரம் வட்டார வள மையத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்குக் கூட்டம். டீ இடைவேளையில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம், காலாண்டுக்குள்ள மூணு யூனிட் முடிக்கணுமாம். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சொந்தமா ஒரு வாக்கியம் பேச வரல. நான் எதை முடிக்கிறது?" கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பள்ளிகளில் எல்லாவற்றுக்கும் 'போர்ஷன்' என்கிற ஒரே சொல்தான். போர்ஷன் எவ்வளவு போயிருக்கிறது, போர்ஷன் முடிந்ததா, ரிவிஷன் ஆரம்பித்தாயிற்றா. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் புதைந்துபோய்விட்டன. கலைத்திட்டம் என்பது ஏன், யாருக்கு என்ற கேள்விக்கான பதில்: ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது இந்த மொழியை வைத்து என்ன செய்ய முடிய வேண்டும்? பாடத்திட்டம் என்பது அதற்காக எதை எடுப்பது, எதை விடுவது, எதை முன்னால் வைப்பது என்ற முடிவு. பாடநூல், அந்த முடிவுக்குச் சிலர் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த ஒரு வடிவம். 2018-19இல் கியூஆர் கோடோடு புதுப் புத்தகங்கள் வர ஆரம்பித்தபோது அட்டை, தாள், படம் எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். உள்ளே எதை எதற்கு முன்னால் வைத்திருக்கிறார்கள், ஏன் என்று எந்த ஸ்டாஃப் ரூமிலும் பேச்சு வந்ததாக எனக்கு நினைவில்லை.

அறிவியலில் இந்தக் குழப்பம் இவ்வளவு வலிக்காது. ஒளி பாடம் முடிந்தது என்றால் ஓரளவு முடிந்ததுதான். மொழி அப்படி வளர்வதில்லை. சிம்பிள் ப்ரெசென்டில் ஹி, ஷி வந்தால் வினைச்சொல்லோடு ஒரு 'எஸ்' சேர வேண்டும் என்று சின்ன வகுப்பிலேயே நடத்திவிடுகிறோம். பத்தாம் வகுப்பிலும் பிள்ளை 'ஹி கோ' என்றுதான் சொல்கிறான். இத்தனைக்கும் தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றிப் பேசிப் பழகிய வாய். ஆக, கருத்து புரியாமல் இல்லை. ஆங்கிலம் கற்கிறவர்களுக்கு அந்த 'எஸ்' தாமதமாகத்தான் கைவருகிறது என்று 1970களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. நாம் நடத்துகிற வரிசை ஒன்று, பிள்ளைக்குள் மொழி ஊறுகிற வரிசை இன்னொன்று. அந்த எஸ்ஸுக்காக எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது மனசு கனக்கிறது.

இந்த வரிசைச் சண்டை நம் மண்ணில் பழையது. 1950களில் சென்னை மாகாணத்தில் ஸ்ட்ரக்சுரல் சிலபஸ் வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கிவைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பழக்குவது. 'திஸ் இஸ் எ பென்' என்று பேனாவைத் தூக்கிக் காட்டிய ஆசிரியர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். பிறகு 1970களில் ஐரோப்பாவில் வில்கின்ஸ் போன்ற மொழிக்கல்வி அறிஞர்கள் கேள்வியையே மாற்றினார்கள். இலக்கணத்தை அடுக்காமல், மன்னிப்புக் கேட்பது, மறுப்பது, வழி விசாரிப்பது என்று பேசுகிறவருக்குத் தேவையான காரியங்களை அடுக்கினால் என்ன என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் அதுவும் இன்னொரு பட்டியல்தான்.

பட்டியலையே தூக்கி ஓரமாக வைத்தவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவரும் கூட்டாளிகளும் நடத்திய முயற்சியை உலகமே 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்று படிக்கிறது. நம் பி.எட். வகுப்பில் எனக்கு அது இரண்டு மதிப்பெண் வினாவாகத்தான் வந்து சேர்ந்தது. இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல், ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரியான ஏதாவது ஒன்றைக் கொடுத்து, யோசித்துத் தீர்க்கச் சொல்வது அவர் வழி. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து அதேபோல ஒன்றைச் செய்து காட்டுவார். பிறகு பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். பாதி வகுப்பாவது பாதிக் கணக்கையாவது சரியாகச் செய்தால் அந்த வேலையின் கடினம் பொருத்தம் என்று ஓர் அளவும் வைத்திருந்தார். மதிப்பெண் விடைக்கு, வாக்கியத்துக்கு அல்ல. பின்னால் வெளியாட்கள் சோதித்துப் பார்த்தபோது, வாக்கிய அமைப்பை மட்டும் கேட்ட தேர்வில் வழக்கமான வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். மொழியைப் பயன்படுத்த வேண்டியிருந்த தேர்வில் பிரபுவின் வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். அதனால் இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எதைச் சோதிக்கிறோமோ அதுதான் வளரும் என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண். அத்தனையும் எழுத்து. கலைத்திட்டத்தில் கேட்டல், பேசுதல் என்று எவ்வளவு அழகாக எழுதினாலும், கேள்வித்தாள்தான் உண்மையான பாடத்திட்டமாக வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை மாற்றும் அதிகாரம் அந்தத் தங்கையிடம் இல்லை. அவரிடம் போய் யூனிட் கணக்குக் கேட்பது அநியாயம்.

ஆனால் வாரத்தில் ஒரு பீரியட் அவர் கையில் இருக்கிறது. போன வருடம் என் எட்டாம் வகுப்பில் எங்கள் ஊர் பஸ் நேரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஊரிலிருந்து 5.30க்கு ஒரு பஸ், 6.40க்கு ஒன்று. டவுனுக்கு 45 நிமிடம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு 7.20க்கும் 8.05க்கும் பஸ், ஒரு மணி பத்து நிமிடப் பயணம். ஒன்பது மணிக்கு அப்பா அங்கே இருக்க வேண்டும். 6.40 பஸ்ஸில் போனால் முடியுமா? ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். "நோ டீச்சர். ஹி மிஸ் த பஸ். ஹி ரீச் நைன் ஃபிஃப்டீன். ஹி மஸ்ட் கோ ஃபைவ் தர்ட்டி பஸ்."

இரண்டு எஸ் இல்லை. நோட்டை வாங்கி முழு மதிப்பெண் போட்டேன். நேற்று அந்தக் கணக்கைத்தான் தங்கைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவர் ஊர் பஸ் நேரத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.